அப்பா எழுதிய பதிலை யார் படித்தார்கள்?

அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியிலும் குடியரசுக் கட்சியிலும் வருகிற நவம்பர் 3 இடைக்காலத் தேர்தலுக்காகப் பிரசார வேலை பார்க்கும் மேலாளர்களுக்கும் வேட்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் பென்சில்வேனியாவில் மாண்ட்காமரி கவுண்டியில் குடியிருக்கிறேன். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. பள்ளி வாரியத் தேர்தலுக்கும் போய் வரிசையில் நிற்கிறவள். இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதியை உங்கள் இரண்டு தரப்பு அலுவலகங்களுக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அலுவலகங்களில் இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். அவர்களின் அப்பா அம்மாக்கள் இதைப் படிக்கட்டும். அதைவிட முக்கியமாக, இதில் வருகிற விஷயம் என் அப்பாவுக்கு நடந்தது. தன்னைப் பற்றி நாலு பேருக்கு எழுதியதை அவர் தன் கண்ணாலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு இப்போது 80 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களிடம் வந்தார். முதலில் கிரீன் கார்டு, அப்புறம் குடியுரிமை. முதல் ஓட்டுப் போட்ட அன்று சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரை எடுத்து டைரியில் ஒட்டி, கீழே தேதி போட்டு வைத்திருக்கிறார்.

2024 இலையுதிர் காலத்தில் பென்சில்வேனியாவில் வாழ்ந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் 19 எங்களுடையவை. 2016-ல் ஏறக்குறைய 44 ஆயிரம் ஓட்டிலும், 2020-ல் ஏறக்குறைய 80 ஆயிரம் ஓட்டிலும் வெற்றி தோல்வி முடிவான மாநிலம். அதனால் உங்கள் பணமெல்லாம் எங்கள் வீட்டு டிவியிலும் தபால்பெட்டியிலும் செல்போனிலும்தான் வந்து கொட்டியது. அக்டோபரில் ஒரே நாளில் அப்பாவின் போனில் 23 குறுஞ்செய்திகள். அதில் ஒன்று இப்படி இருந்தது. அவருடைய பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. "இது இறுதி அறிவிப்பு. உங்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். ஒரு பதிலும் இல்லை. இன்றிரவு 12 மணிக்குள் பதில் வராவிட்டால் உங்கள் பெயரை நீக்க வேண்டியிருக்கும்." கீழே வேட்பாளரின் பெயர்.

எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு தரப்பிலிருந்தும் இதே சுருதியில்தான் வந்துகொண்டிருந்தது.

இறுதி அறிவிப்பு என்ற சொல்லைக் கண்டால் ஒரு போஸ்ட்மாஸ்டர் சும்மா இருக்க மாட்டார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரே விரலால் தட்டித் தட்டி அரைமணி நேரம் பதில் எழுதினார். அந்தப் பதில் இன்னும் அவர் போனில் இருக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் முந்தைய கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தேன்" என்று தொடங்குகிறது. அப்புறம் தபால் ஓட்டு சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நல்வாழ்த்துகளுடன் முடித்து, பெயரும் ஊரும் போட்டிருக்கிறார்.

அடுத்த நொடியே பதில் வந்தது. "நன்றி! 25 டாலர் தர இங்கே தொடவும்."

அவர் தொட்டார். கேட்டவர் பெரிய மனிதர், நாமும் பதில் எழுதத் தாமதித்துவிட்டோம் என்ற கூச்சம்தான். டிசம்பரில் கார்டு கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வாரம் தவறாமல் 25 டாலர் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 11 முறை, 275 டாலர். தேர்தல் முடிந்து, தோற்றவர் வீட்டுக்குப் போய், ஜெயித்தவர் அமைச்சரவைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த நாட்களிலும் வாராவாரம் போயிருக்கிறது. பணம் தருகிற பக்கத்தில், 'இதை வாரந்தோறும் தருகிறேன்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த எழுத்து இருந்த அளவுக்கு நானும் பார்த்திருக்க மாட்டேன்.

மூன்று வாரம் அலைந்து பணத்தை வாங்கிவிட்டேன். பணத்தைப் பற்றி அப்பா கேட்கவே இல்லை. "அப்போ அந்த ஆளு எனக்கு எழுதவே இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா" என்றேன். "நான் எழுதினதையும் யாரும் படிக்கல?" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் மணியார்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகையெல்லாம் அப்போது மணியார்டரில்தான் வரும். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மையில் பெருவிரலை வைத்து ரேகை உருட்டுவார்கள். தன் அலுவலகத்துத் தபால்காரர்களுக்கு அப்பா ஒரு விதி வைத்திருந்தார். தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பணத்தை அவர்கள் கண்முன்னே இரண்டு தரம் எண்ணிக் காட்டி, அவர்கள் கையில் வைக்க வேண்டும். அப்புறம்தான் ரேகை. ரேகையை முதலில் வாங்கிக்கொண்டு பணத்தை அப்புறம் எண்ணிய ஒருவரை, தொகை சரியாக இருந்தும், வாசலிலேயே நிறுத்திக் கண்டித்ததை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கறது நமக்குத் தெரியும். தெரிஞ்ச நாமதான் பாத்து நடக்கணும்" என்பார்.

டிக் போட்டு வைத்த அந்தக் கட்டம், ரேகையை முதலில் வாங்குகிற வேலைதான்.

இது என் வீட்டில் மட்டும் நடந்த விபத்து என்று நீங்கள் சொல்ல முடியாது. 2020 தேர்தலில் டிரம்ப் பிரசாரம் இப்படி முன்கூட்டியே டிக் போட்டு வைத்ததையும், முதலில் மாதாமாதம் என்றிருந்ததைப் பிறகு வாராவாரம் என்று மாற்றியதையும் 2021 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. அந்தப் பிரசாரமும் கட்சியும் சேர்ந்து திருப்பிக் கொடுக்க நேர்ந்த தொகை 12 கோடி டாலருக்கு மேல். ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் சிலரும் அதே கட்டத்தை வைத்திருந்தவர்கள்தான். அடுத்த மாதமே ஃபெடரல் தேர்தல் ஆணையம், இரண்டு கட்சி உறுப்பினர்களும் ஒருமனதாக, இதைச் சட்டம் போட்டுத் தடுக்கும்படி நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆணையத்தில் ஒருமனதான முடிவு என்பது அபூர்வம். காங்கிரஸ் சட்டம் போடவில்லை. 2025-ல் அந்த ஆணையமே கூடி முடிவெடுக்கப் போதிய உறுப்பினர்கள் இல்லாத நிலைக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் சிஎன்என், மறதி நோய் உள்ள முதியவர்கள் சேமிப்பையே இப்படிக் கொடுத்துக் கரைந்த கதைகளை வெளியிட்டது. அதைப் படித்த அன்று, நம் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தை மூடினேன். அப்பாவின் கார்டில் அப்போது மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் அந்த "ஐந்து மடங்கு" வாக்குறுதி. நீங்கள் 25 டாலர் தந்தால் அதை ஐந்து மடங்காக்குவோம், இன்றிரவு வரை மட்டும் என்கிறீர்கள். 2024-ல் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குத் தரக்கூடிய உச்சவரம்பு 3,300 டாலர். அப்படியிருக்க, லட்சக்கணக்கானவர்களின் பணத்துக்கு ஈடாக ஐந்து மடங்கு கொட்டுவது யார்? எந்தச் செய்தியிலும் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. டிவியிலும் ரேடியோவிலும் "இந்த விளம்பரத்துக்கு நான் ஒப்புதல் தருகிறேன்" என்று வேட்பாளர் தன் குரலில் சொல்ல வேண்டும் என்று 2002 சட்டம் சொல்கிறது. எங்கள் சட்டைப்பைக்குள் வருகிற குறுஞ்செய்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று சொல்லும் அரசுப் பட்டியலில் எண்ணைப் பதிந்து வைத்தாலும் அரசியல் அழைப்புகளுக்கு அதில் விதிவிலக்கு. சட்டம் எங்கெல்லாம் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் நுழைந்துவிடுகிறீர்கள்.

இங்கே தமிழ் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி விசாவில் இருப்பவர்களும், ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் தேர்தல் நன்கொடை தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்கள்தான் தரலாம். ஆனால் செய்தி எல்லா எண்ணுக்கும் வருகிறது. அப்பா அம்மாவுக்குப் புது சிம் வாங்கித் தருகிற பிள்ளைகள் இதைச் சொல்லி வையுங்கள்.

மேலாளர்களே, உங்களில் பலரும் இந்தத் தொழிலை எங்கிருந்து கற்றீர்கள் என்று எனக்குத் தெரியும். 2012-ல் ஒபாமாவின் பிரசாரம் ஒரே மின்னஞ்சலைப் பல விதமாக எழுதி, சிறு கூட்டத்துக்கு அனுப்பிப் பார்த்து, எது அதிகப் பணம் கொண்டுவருகிறதோ அதை லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பியது. "ஹே" என்ற ஒற்றைச் சொல் தலைப்பு நன்றாக வேலை செய்தது. எதிர்த் தரப்பு என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறது என்று பயம் காட்டிய ஒரு மின்னஞ்சல் மட்டும் 25 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தது. அதே ஒபாமா வெள்ளை மாளிகையில் இருந்த காலத்தில், பொதுமக்கள் எழுதிய கடிதங்களில் பத்தை எடுத்து வைக்கச் சொல்லி, ராத்திரியில் உட்கார்ந்து படிப்பார். சிலவற்றுக்குத் தன் கைப்படவே பதிலும் எழுதுவார். இரண்டும் ஒரே மனிதரின் பெயரில் நடந்தவை. அந்தப் பத்துக் கடிதப் பழக்கத்தை உங்களில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டீர்கள்? எடுத்துக்கொண்டது "ஹே"யை மட்டும்தான். பயத்துக்கும் அவசரத்துக்கும்தான் பணம் வருகிறது என்று கணக்கு சொன்னால், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பயம், இன்னும் கொஞ்சம் அவசரம். பன்னிரண்டு வருடத்தில் அது அப்பாவின் இறுதி அறிவிப்பில் வந்து நின்றது.

இப்போது கையெழுத்தோடு சேர்த்துக் குரலையும் போலி செய்ய முடிகிறது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் பைடன் குரலைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கி, முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வராதீர்கள் என்று வீடு வீடாகப் போனில் அழைத்தார்கள். அதைச் செய்வித்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அது வெளிப்படையான மோசடி, யாரும் ஆதரிக்கவில்லை. வேட்பாளர் எழுதாததை அவர் எழுதியதாக அனுப்புவதை மட்டும் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

மக்களுக்குப் பொறுமை இல்லை, நாலு வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள் என்று உங்கள் தரப்பில் ஒரு தம்பி என்னிடம் சொன்னார். கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க வந்த நல்ல பையன். அவர் நம்பித்தான் சொன்னார். ஆனால் பொறுமையைக் குறைத்தது யார்? 1968-ல் மாலைச் செய்திகளில் ஒரு வேட்பாளர் இடைமறிப்பில்லாமல் பேசியது சராசரியாக 40 வினாடிக்கு மேல். 1988-ல் அது பத்து வினாடிக்கும் கீழே போய்விட்டது என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் யாரும் மனுப் போட்டு அதைக் குறைக்கவில்லை. 2024 அக்டோபரில் டிரம்ப் பாட்காஸ்ட் நடத்தும் ஜோ ரோகனோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார், கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய, குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஜனங்களுக்கு நேரம் இருக்கிறது என்பது அதோடு தெளிவாகிவிட்டது.

நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு பேச்சு இருக்கிறது. 1933 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி. ஜனாதிபதியாக ரூஸ்வெல்ட் பதவியேற்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்க வங்கிகள் மூடிக் கிடந்தன. ஜனங்கள் பணத்தை எடுத்து வீட்டில் பதுக்கியிருந்தார்கள். அவர் ரேடியோவில் வந்து, வங்கியைப் பற்றிச் சில நிமிடம் பேச விரும்புகிறேன் என்று ஆரம்பித்தார். நீங்கள் போடுகிற பணத்தை வங்கி பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை, அதைக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, அதனால்தான் எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது என்று, டீக்கடையில் உட்கார்ந்து ஒருவருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். எந்த நாள் எந்த ஊர் வங்கி திறக்கும், ஏன் எல்லாம் ஒரே நாளில் திறக்க முடியாது என்று வரிசையாக விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, திறக்கப்படுகிற வங்கியில் போடுவது பத்திரம் என்றார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலையில் வங்கி வாசல்களில் மறுபடி வரிசை. இந்தத் தடவை பணத்தைத் திரும்பப் போட வந்த வரிசை.

கணப்படுப்பு ஓரமாக உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்ததால் 'ஃபயர்சைடு சாட்' என்று பெயர் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஏறக்குறைய முப்பது பேச்சுதான். 1942 பிப்ரவரி 23 பேச்சுக்கு முன்னால், உலக வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். கடைகளில் வரைபடங்கள் விற்றுத் தீர்ந்தன. கேட்பவருக்குப் புரியும், புரிய வைப்பது தன் பொறுப்பு என்று அவர் நம்பியிருக்கிறார்.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அந்த வரைபடப் பேச்சுக்கு நாலே நாள் முன்னால்தான், ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களில் அடைக்க வழிசெய்த ஆணையில் கையெழுத்துப் போட்டிருந்தார். நன்றாகப் பேசுகிறவர் நல்லதே செய்வார் என்றில்லை. ஆனால் வங்கியைப் பற்றி அவர் சொன்னது உண்மையா என்று கேட்டவர்கள் சரிபார்க்க முடிந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். "இன்றிரவு 12 மணிக்குள்" என்பதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

இன்னொன்று, குடியரசுக் கட்சிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டியது. 2008 அக்டோபர் 10, மினசோட்டாவில் லேக்வில் என்ற ஊர். அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் மெக்கெய்ன் நடத்திய கூட்டத்தில் ஒரு அம்மா மைக்கைப் பிடித்து, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஒரு அரபுக்காரர் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டி மைக்கைத் திரும்ப வாங்கினார். இல்லை அம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்நாட்டுக் குடிமகன், முக்கியமான விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு என்றார். அதே கூட்டத்தில், ஒபாமா ஜனாதிபதியானால் பயப்பட வேண்டியதில்லை என்று இன்னொருவரிடம் சொன்னபோது சொந்தக் கூட்டமே கூச்சல் போட்டது. அரபுக்காரர் என்பதும் கண்ணியமானவர் என்பதும் எதிர்ச்சொற்கள் மாதிரி ஆகிவிட்டதே என்று அந்தப் பதிலில் எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு. ஆனாலும் தேர்தலுக்கு 25 நாள் இருக்கும்போது, தனக்கு லாபமான ஒரு பயத்தைத் தன் கையாலேயே அணைத்தார். உங்கள் மின்னஞ்சல் பரிசோதனையில் போட்டால் அந்தப் பயம்தான் முதலிடம் பிடித்திருக்கும்.

அவர் முகத்துக்கு நேரே நின்றதால்தான் அது முடிந்தது. இன்றைக்கு எங்கள் முன்னால் வந்து நிற்கவே உங்களுக்குத் தயக்கம். 2009-ல் ஒபாமாவின் சுகாதாரச் சட்ட மசோதாவுக்கு எதிரான கூச்சலுக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியினர் பலர் ஊர்க்கூட்டத்தைத் தொலைபேசிக்கு மாற்றினார்கள். 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் பிரசாரக் குழுத் தலைவர், நேரடிக் கூட்டம் வேண்டாம் என்று தம் உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொன்னதாகச் செய்தி வந்தது. உயிர்ப் பயம் உண்மையானது, அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். 2011-ல் டூசான் நகரில் ஒரு மளிகைக்கடை வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸ் தலையில் சுடப்பட்டார், ஆறு பேர் செத்தார்கள். 2024 ஜூலையில் எங்கள் மாநிலத்திலேயே, பட்லரில், டிரம்பைக் குறிவைத்த துப்பாக்கிக்குக் கூட்டத்திலிருந்த ஒருவர் பலியானார். பாதுகாப்பு போடுங்கள். பையைச் சோதியுங்கள். பள்ளிக்கூட அரங்கத்தில் 200 பேரை மட்டும் உட்கார வையுங்கள், நாங்கள் வரிசையில் நிற்கிறோம். துப்பாக்கிக்குப் பயந்து கூட்டத்தை விடுவது வேறு, கேள்விக்குப் பயந்து விடுவது வேறு. எது எது என்று எங்களுக்குத் தெரியும்.

முடியாத காரியத்தையும் நான் கேட்கவில்லை. 2024 தேர்தல் முடிந்த சில நாளில், நியூயார்க் மேயர் பதவிக்குப் போட்டியிட்ட ஜோஹ்ரான் மம்தானி அந்நகரில் ஃபோர்டாம் ரோட்டிலும் ஹில்சைடு அவென்யூவிலும் மைக்கோடு நின்று, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களையும் ஓட்டே போடாதவர்களையும் ஏன் என்று கேட்டார். அவர்கள் வாடகையையும் மளிகை விலையையும் சொன்னார்கள். அடுத்த ஒரு வருடம் அவர் பேசியது பெரும்பாலும் அதைத்தான். 2025 மார்ச்சில், செலவு வரம்புக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனிமேல் பணம் அனுப்பாதீர்கள் என்றும் சொன்னார். அந்த ஊரில் சின்ன நன்கொடைக்கு நகராட்சியே எட்டு மடங்கு சேர்த்துத் தருகிறது. பணம் யாருடையது, எவ்வளவு என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் கொள்கை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். போதும் என்று சொல்ல முடியும் என்பதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

எனவே இந்த வருடம் அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்தை உருவாக்குகிறவருக்கு ஐந்து நிமிட வேலை. நடக்காத கெடுவை அனுப்பாதீர்கள். "நிறுத்து" என்று ஒருவர் எழுதினால் அவர் எண்ணை இன்னொரு பிரசாரத்துக்கு வாடகைக்கு விடாதீர்கள். வேட்பாளர் பெயரில் எழுதினால், திரும்பி வருகிற பதிலைப் படிக்க ஒரு ஆளைப் போடுங்கள். தினம் பத்துப் பதிலாவது வேட்பாளர் மேசைக்குப் போகட்டும். பணம் கேட்பது தப்பில்லை. பணம் கேட்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள், எவ்வளவு, எத்தனை முறை என்று சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் நாங்களே தருவோம்.

அப்பா அன்று கேட்ட கேள்வி இதுதான். பென்சில்வேனியாவில் தபால் ஓட்டு, தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் வந்து சேர வேண்டும். வெளி உறையில் வாக்காளர் கையெழுத்தோடு தேதியும் போட வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நேரத்துக்கு வந்து சேர்ந்திருந்தும், தேதி விட்டுப்போனதாலோ தப்பாக எழுதியதாலோ ஆயிரக்கணக்கான ஓட்டுகள் தள்ளுபடியாகியிருக்கின்றன. வருடக்கணக்காக வழக்குக்கு மேல் வழக்கு. "உறை எப்போது வந்தது என்பதற்கு அலுவலகமே முத்திரை போடுகிறது. அந்த முத்திரை இருக்கும்போது வாக்காளர் எழுதுகிற தேதியை வைத்து நீங்கள் என்ன சரிபார்க்கிறீர்கள்?" என்று ஒரு போஸ்ட்மாஸ்டர் கேட்கிறார். இதற்கு உங்கள் இரண்டு கட்சியிலும் வெவ்வேறு பதில் இருக்கும். எதுவானாலும் சரி, அவருக்கு அது வேண்டும்.

இந்தத் தடவை அவர் குறுஞ்செய்தி அனுப்பவில்லை. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், தன் கையெழுத்தில், இரண்டு கட்சி அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். என் கடிதத்தின் பிரதியோடு அதையும் வைத்திருக்கிறேன். பதில் போட உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, தன் முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறையை மடித்து உள்ளே வைத்திருக்கிறார். எங்கள் தெருவுக்குத் தபால் வண்டி மத்தியானம் இரண்டு மணி வாக்கில் வரும்.

இப்படிக்கு,
மாண்ட்காமரி கவுண்டி வாக்காளர் ஒருத்தி